குறி எட்டாத இடத்திலும் குண்டு எட்டும்

பன்றி சுட வருகிறவர் பன்றியைத்தான் சுடுவார் என்ற நம்பிக்கையோடுதான் நாம் இருள் பிரியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அண்மையில் ஒரு காலைப்பொழுது நமக்குக் காட்டிவிட்டது.

நாம் வேலை செய்யும் தோட்டத்தில், இளங்கன்று நட்டிருக்கும் எல்லைக் காட்டில் பன்றிகளின் தொல்லை. காவலுக்கு வந்திருந்த துப்பாக்கிக்காரர்கள் ஓடும் பன்றியைக் குறிவைத்துச் சுட்டார்கள். பக்கத்துக் காட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் தலைக்கு மேலே, இலைகளைக் கிழித்துக்கொண்டு ரவைகள் விழுந்தன. தெய்வாதீனமாகக் காயம் ஒன்றுமில்லை. வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்த அவர், பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து நடுங்கியதை நாம் கண்டோம். துப்பாக்கிக்காரர்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் இங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று காலை பெரட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிய கிராணியாகிய நமக்கும் தெரியாது. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

இதற்குப் பிறகு தோட்டத்தில் எழுந்த ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை. "குற்றம் சிதறு ரவைத் துப்பாக்கியுடையது. அமெரிக்காவில் இருப்பது போன்ற சிறு குண்டு ரைபிள் ஒன்று இருந்தால், 300 கஜத்தில் எலியையும் அடிக்கலாம். ஒரு குண்டு, ஒரு பன்றி; வேறு யாருக்கும் ஆபத்தில்லை" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். படித்த உத்தியோகஸ்தர் சிலரும் தலையசைக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று நிறுத்தி எடை போட்டுப் பார்க்க வேண்டாமா?

அந்த ரைபிளின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அமெரிக்காவின் மேற்கே தெற்கு டக்கோட்டா, வையோமிங், மொன்டானா ஆகிய மாநிலங்களில் பரந்த புல்வெளிகள் உண்டு. அங்கே 'பிரேரி நாய்' என்று பெயர் பெற்ற ஒரு பிராணி வளை தோண்டி வாழ்கிறது. பெயர்தான் நாய், உண்மையில் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. மாடு மேயும் புல்லைத் தின்கிறது என்று பண்ணைக்காரர்கள் அதைச் சுடுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது அதன் உடல் அகலம் மூன்று நான்கு அங்குலமே இருக்கும். அதை 200, 300 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்க நுட்பமான துப்பாக்கி வேண்டும்.

அதற்கென்றே பெயர் பெற்ற தோட்டாக்களில் ஒன்று, 1964ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த .223 ரெமிங்டன். அதில் வழக்கமாக வைக்கும் 55 கிரெயின் குண்டின் எடை மூன்றரைக் கிராமுக்குச் சற்றே அதிகம். நம் 20 காசு நாணயத்தைவிட இலேசு. ஆனால் விநாடிக்கு 3,000 அடிக்கு மேல் பாயும். இதைச் சுடும் தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிள்களில் பேர்போனது ஏ.ஆர்.-15. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும். அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். நம் நாட்டுப் படையினர் கையில் பல்லாண்டு இருந்த எம்-16 இதன் உடன்பிறப்பு.

முன்பெல்லாம் இத்தகைய ரைபிள் தூரக் குறிக்கு ஆகாது, கையால் தாழ்ப்பாள் இழுத்து நிரப்புவதே உசத்தி என்பார்கள். இன்று கனத்த குழலும் நல்ல விசையும் தொலைநோக்கியும் பொருத்திய ஏ.ஆர்.-15, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குள் குண்டுகளைச் சேர்த்து வைக்கும். அதாவது 100 கஜத்தில் ஓர் அங்குலம், 300 கஜத்தில் மூன்று அங்குலம். மெச்சத்தக்க வேலைதான்.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கு எங்கே எடுத்தது? மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்து, காற்று அடங்கிய நேரத்தில், அசையாத அட்டையைச் சுட்டு எடுத்தது. பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று வீசினால், 300 கஜத்தில் அந்த இலேசான குண்டு ஏறத்தாழ முக்கால் அடி விலகிப்போகும். மூன்று அங்குலக் கணக்கு அப்போதே போயிற்று. பிரேரியில் தவறிய குண்டு மண்மேட்டில் புழுதி கிளப்பும். சுட்டவர் அதைப் பார்த்து அடுத்த குண்டைத் திருத்திச் சுடுவார். பின்னால் மைல் கணக்கில் ஆள் இல்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்க்கிறார்.

நம் ரப்பர் காட்டை எண்ணிப் பாருங்கள். நிரையோடு நின்று பார்த்தால் கொஞ்ச தூரம் தெரியும். குறுக்கே பார்த்தால் மரத்துக்குப் பின் மரம். மேடு பள்ளமும் புதரும் வேறு. எண்பது கஜத்துக்கு அப்பால் தெரியாத இடத்தில் 300 கஜத்துக் குறியால் என்ன பயன்? பயன் இல்லாமல் போகிறது. ஆபத்து மட்டும் போகவில்லை. அந்த எம்-16இல் சுடும் 55 கிரெயின் குண்டு முழுத் தூரம் பறந்தால் ஒன்றரை மைலுக்கு மேல் போய் விழும். கடையில் பொடியன் துப்பாக்கி என்று கேலி செய்யும் .22 குண்டே ஒரு மைலைத் தாண்டும். குறி எட்டாத இடத்திலும் குண்டு எட்டும். அந்த இடைவெளியில்தான் நம் நிரையும், லயமும், பிள்ளைகள் நடக்கும் பாதையும் இருக்கின்றன.

"சிறு பிராணிக்குச் சுடும் குண்டு மண்ணில் பட்டதும் நொறுங்கிவிடும், தெறிக்காது" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. மெல்லிய உறை போட்ட குண்டு பெரும்பாலும் நொறுங்கத்தான் செய்யும். ஆனால் பட்டால்தானே நொறுங்கும்? பன்றியின் முதுகுக்கு மேலே போனது எதில் பட்டு நொறுங்கப் போகிறது? மேலும், நொறுங்கும் குண்டு காட்டுப்பன்றிக்கு ஆகாது. ஆண் பன்றியின் தோள் தோல் கேடயம் போன்றது. குண்டு மேலேயே சிதறும், பன்றி சாகாது. காயம்பட்ட பன்றி புதரில் படுத்திருக்க, மறுநாள் காலை அந்தப் பக்கம் வாளியோடு போகிறவர் யார்? நாம்தான். பன்றியை வீழ்த்தக் கெட்டியான குண்டைப் போட்டாலோ, அது நொறுங்காது. கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் இழப்பு நம் பக்கமே.

தானே நிரப்பிக்கொள்ளும் வசதியும் அப்படித்தான். முதல் குண்டை நின்று நிதானித்துச் சுடுவார்கள். பன்றி ஓடத் தொடங்கியதும் குழல் அதன் பின்னால் திரும்பும். இரண்டாவது, மூன்றாவது குண்டுகள் போகும் திசையைச் சுடுகிறவரே முடிவு செய்வதில்லை. ஓடுகிற பன்றி முடிவு செய்கிறது.

சிதறு ரவைத் துப்பாக்கிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அன்று விழுந்தது அதன் ரவைதான். பன்றிக்குப் போடும் பெரிய ரவை 500 கஜத்துக்கு மேலும் போகும். எனினும் அதன் வேலை நாற்பது கஜத்துக்குள் முடிகிறது. ஆபத்தின் எல்லையும் ரைபிளின் எல்லையில் ஒரு பகுதியே. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது என்பதையும் இளைஞர்கள் மறக்க வேண்டாம்.

ஆக, எந்தத் துப்பாக்கி என்பது இரண்டாவது கேள்வி. யார் எங்கே நிற்கிறார் என்பதே முதல் கேள்வி. யார் எந்தக் காட்டில், எத்தனையாவது நிரையில் என்பதை நாம் நாள்தோறும் புத்தகத்தில் எழுதுகிறோம். துப்பாக்கிக்காரர் எங்கே நிற்கிறார் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை. நம் கோரிக்கைகள் இங்கிருந்து தொடங்குகின்றன.

முதலாவது, சுட வருகிறவரின் பெயர், துப்பாக்கி, காடு, நேரம் ஆகியவை பெரட்டுப் புத்தகத்தில் ஏற வேண்டும். முதல் நாளே களத்தில் அறிவிப்பு வேண்டும். தமிழிலும் மலாயிலும் மட்டும் போதாது; நம்மோடு உழைக்கும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களின் மொழியிலும் வேண்டும்.

இரண்டாவது, கடைசி ஆள் பாலை நிறுத்துப் போட்டு ஸ்டோரை விட்டு வெளியேறும்வரை ஒரு வேட்டும் கேட்கக் கூடாது. நெற்றி விளக்கு எரியும் நேரத்தில் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

மூன்றாவது, ரைபிள் வேண்டாம். பரண் மேலிருந்து தரையை நோக்கி, கிட்டத்தில் மட்டும் சுட வேண்டும்.

நான்காவது, வேட்டைக்காக ஒரு காடு மூடப்பட்டால், அங்கே வெட்டுகிறவரின் அன்றைய கூலி குறையக் கூடாது.

இவை பிச்சை அல்ல. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலை செய்கிறவரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவும் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தப்படி, முதலாளி ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அது நீக்கப்படாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம்.

கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்ப வேண்டும். கிராணிமார் அனுமதிக்குக் காத்திராமல் நாளைக்கே புத்தகத்தில் ஒரு கோடு கிழித்துக் கட்டம் போடலாம், நாம் போட்டுவிட்டோம். பன்றி தின்ற கன்றை மறுபடி நடலாம். அந்த அம்மாள் இப்போதும் அதே நிரைக்குத்தான் போகிறார். எங்கே துப்பாக்கி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போகும் உரிமையாவது அவருக்கு உண்டு.