மகிழுந்து எனப் பெயரிட்டால் போதுமா?

தமிழில் அறிவியலை உரைத்தல் இயலாது என்று எவரேனும் கூறிவிட்டால் தமிழாசிரியருலகம் கொதித்தெழுகிறது. மேடைகள் அமைகின்றன, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன, மொழியின் தொன்மையும் வளமும் எடுத்தோதப்படுகின்றன. 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது அவ்வாறே நிகழ்ந்தது. அத்திட்டம் கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்ட பின்னர், 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் என்னும் பெயரில் அதே வினா மீண்டும் வாயிலில் வந்து நின்றபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வெதிர்ப்பு நேர்மையானது, தேவையானதுங்கூட. ஆயின், எதிர்த்தவர்கள் மறுநாட் காலையில் வகுப்பறைக்குச் சென்று எதனைக் கற்பித்தார்கள் என்பதே ஈண்டு எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

'நான் ஒரு மகிழுந்து' என்னும் தன்கதையை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இந்நாட்டில் அரியர். மகிழுந்து தொழிற்சாலையில் பிறக்கிறது. செல்வர் ஒருவர் அதனை வாங்கி மாலையிட்டுப் பொட்டு வைக்கிறார். அது துள்ளி மகிழ்கிறது. பின்னர் விபத்துக்குள்ளாகிப் பழைய இரும்புக் கடையின் மூலையில் கிடந்து கண்ணீர் வடிக்கிறது. இடையே, 'ஒருநாள் நான் பழுதடைந்தேன்' என்று ஒரு வரி வரும். என்ன பழுது? எதனால் நேர்ந்தது? எங்ஙனம் கண்டறியப்பட்டது? இவற்றை மாணவர் எழுதுவதுமில்லை, ஆசிரியர் கேட்பதுமில்லை. சிவப்பு மை சந்திப் பிழையை வட்டமிடுகிறது. காரணம் சொல்லப்படாமையை வட்டமிடுவதில்லை.

மகிழுந்து என்பது அழகிய சொல்லே. ஆனால் அதன் முன்மூடியைத் திறந்தவுடன் தமிழ் நின்றுவிடுகிறது. கலைச்சொற் பட்டியல் ஒன்று இருந்துவிட்டால் இக்குறை தீரும் என்பாருளர். பிளக்கைத் தீப்பொறிச் செருகி என்றெழுதினால்தான் தமிழ் வாழும் என வாதிட்டுப் பொழுதைப் போக்குவாரும் உளர். பிளக்கு பிளக்காகவே இருந்தாலும் கேடில்லை. அதனைப் பற்றி 'இஃது உண்மையாயின் அஃது இவ்வாறிருத்தல் வேண்டும்; அவ்வாறில்லை; ஆதலின் இஃதன்று' என ஒரு வாக்கியம் அமைக்கத் தெரிகிறதா என்பதே கேள்வி. அறிவியலின் மொழி பெயர்ச்சொற்களில் இல்லை. ஆயின், எனில், ஏனெனில், ஆகவே என்னும் சொற்களில் அஃது இருக்கிறது. அவற்றை இடைச்சொற்கள் என்று கோடிட்ட இடம் நிரப்பவே மாணவர் பயில்கின்றனர்.

இயங்க மறுக்கும் ஒரு மகிழுந்தை எடுத்துக்கொள்வோர் முதலில் பிரிக்க வேண்டுவது ஒன்றே: சாவியைத் திருப்பியதும் இயந்திரம் சுழல்கிறதா, இல்லையா? சுழலவில்லையெனில் பெட்ரோலையும் பிளக்கையும் ஐயுறுதல் வீண். அப்பொழுது முகப்பு விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். விளக்கு மங்கி அணையும் நிலைக்குச் சென்று, 'டிக் டிக்' என்னும் விரைந்த ஒலியும் கேட்குமாயின் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். அன்றேல் அதன் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்து மின்னோட்டத்தைத் தடுத்திருக்கலாம். விளக்கு சற்றும் மங்காது ஒளிர, இயந்திரம் மட்டும் அசையாதிருப்பின், மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சென்றடையவே இல்லை எனக் கொள்ளலாம். தானியங்கி வண்டியாயின் கியர்க் கோல் உரிய இடத்தில் நிற்கிறதா என நோக்குதலும் இங்கேதான் வரும். எளிய காரணத்தை முதலில் விலக்குவது சோம்பலன்று; அதுவே முறை.

சுழல்கிறது, ஆனால் உயிர்பெறவில்லை எனின் வழி வேறாகிறது. ஆட்டோ 1876இல் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு இயந்திரத்திற்கு அன்றும் இன்றும் வேண்டுவன மூன்று: காற்றோடு உரிய அளவிற் கலந்த எரிபொருள், அதனை நெருக்கும் அமுக்கம், உரிய நொடியில் தோன்றும் தீப்பொறி. சாவியைப் பாதி திருப்பியதும் பின்னிருக்கையின் அடியிலிருந்து ஓரிரு நொடி எழும் முனகல் பல வண்டிகளில் எரிபொருள் பம்பின் குரலாகும்; அது கேளாவிடின் ஐயம் அப்பக்கம் சாயும். வழக்கத்தைவிட இலேசாகவும் விரைவாகவும் இயந்திரம் சுழன்றால், தடதண்டுகளை இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து அமுக்கம் போயிற்றோ என எண்ண வேண்டும். பழைய வண்டிகள் ஈப்போவின் மாலை மழைக்குப்பின் மறுகாலை இயங்க மறுப்பதும், டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் துடைத்து உலர்த்தியவுடன் இயங்குவதும் அந்நாளைய ஓட்டுநர்கள் நன்கறிந்தவை. ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்துவிட, பொறி பிறப்பதில்லை.

இத்தனையும் தமிழில் உரைக்கப்பட்டது. எவ்விடத்தும் மொழி தடுக்கி விழவில்லை.

இன்னும் ஒன்று. பேட்டரியையும் பிளக்கையும் ஒருசேர மாற்றியபின் வண்டி இயங்கினால், நோய் எதுவென்று ஒருபோதும் தெரியாது. ஒருநேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். புதிய பேட்டரி போட்டும் ஒரு வாரத்தில் வண்டி மீண்டும் ஊமையானால், பழுது பேட்டரியிலன்று, அதற்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரில் இருத்தல் கூடும். இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 14 வோல்ட் காணப்பட வேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரியின் அளவாகிய 12.6 வோல்ட்டே அப்போதும் காட்டினால், அல்லது அதனினும் குறைந்தால், மின்னூட்டம் நடைபெறவில்லை. நோயை அறிந்து, அதன் முதலை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுவதை ஒப்பிக்காத பேச்சுப்போட்டி உண்டோ? ஒப்பித்த மாணவரிடம் ஓடாத வண்டி ஒன்றைக் காட்டி, 'நோய்முதல் யாது?' என்று கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்?

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும், 1860களில் தமிழிலுமாக மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு முதலிய நூல்களும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவருடைய மாணவர்கள் சொற்பட்டியலை மனனம் செய்து மருத்துவராகவில்லை. நோயாளியின் முன் நின்று தமிழிலேயே காரணம் தேடினர். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் மனித உடலுக்கு இயன்றது, இன்று ஓர் இயந்திரத்திற்கு இயலாதா?

அத்தனை தொலைவு செல்லவும் வேண்டா. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றிய பேராக் தோட்டங்களில், பால் ஏன் வடியவில்லை என்று காரணம் கண்ட மக்கள் தமிழரே. இலையுதிர் காலமா, பட்டை ஈரமா, வெயில் ஏறியபின் வெட்டப்பட்டதா, அளவுக்கு மீறி வெட்டப்பட்டுப் பட்டை வறண்டதா என ஒவ்வொன்றாக விலக்கி, மங்கு நிறையாமைக்குரிய காரணத்தை அவர்கள் தமிழிலேயே உரைத்தார்கள். அவர்களிற் பலர் பள்ளியில் சில ஆண்டுகளே பயின்றவர்கள். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி, அவர்தம் பேரப்பிள்ளைகள் புந்தோங்கிற்கும் பிற நகர்ப்புறங்கட்கும் பெயர்ந்த பின்னர், அச்சிந்தனை முறையைப் பள்ளி ஏற்றுப் போற்றியிருத்தல் வேண்டும். பள்ளியோ அவர்களுக்குத் தன்கதையைத் தந்தது. அப்பிள்ளைகளுள் பட்டறைக்குச் செல்வோர், 'போமன்' என அழைக்கப்படும் பழுதுபார்ப்பவரிடம் அடியும் திட்டும் பெற்று இம்முறையைப் புதிதாகக் கற்க நேர்கிறது.

தஞ்சோங் மாலிமின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தோன்றி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் நிலையமும், 2003இல் இயங்கத் தொடங்கிய புரோட்டோன் மகிழுந்துத் தொழிற்சாலையும் அவ்வட்டாரத்திலேயே உள்ளன. அங்கே தமிழாசிரியர் உருவாகிறார், மகிழுந்தும் உருவாகிறது. முன்னவர் பின்னதன் மூடியைத் திறந்து தமிழில் பத்து வாக்கியம் பேசும் நாள் வந்ததா?

இது மொழிப்பாடத்தின் வேலையன்று, அறிவியல் ஆசிரியரின் வேலை என்று சிலர் நழுவுவர். அறிவியலைத் தமிழினின்று பிரிக்க வேண்டுவோர் கூறுவதும் இதுவே என்பதை அவர்கள் உணர்வதில்லை. தேர்வில் வராததை எங்ஙனம் கற்பிப்பது என்பார் வேறு சிலர். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அச்சாக்கும் அதனோடு போயிற்று. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் நான்காம் ஆண்டிலிருந்தே கால அட்டவணையில் இருக்கிறது. பள்ளி வாயிலில் ஆசிரியர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் முன்மூடியைத் திறக்கத் தனி ஒதுக்கீடு எதுவும் வேண்டுவதில்லை. அடுத்த தவணையில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தரப்படும் கட்டுரைத் தலைப்பு 'நான் ஒரு மகிழுந்து' என்பதா, 'வண்டி இயங்கவில்லை: காரணம் காண்க' என்பதா என முடிவு செய்யும் உரிமை, எந்த அமைச்சிடமும் இல்லாமல், அந்த வகுப்பின் தமிழாசிரியரிடமே இருக்கிறது.