சின்ன மின்சாரக் கார்: புக்கிங் போடும் முன் ஒரு நாள் ஈப்போ வரை ஓட்டிப் பாருங்கள்

"சத்தமே இல்ல, சும்மா சர்ருனு போகுது!" ஷோரூமைச் சுற்றி இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கார் கடனை 9 வருஷம் வரை கட்ட வேண்டியிருக்கும். ஹுத்தான் மெலிந்தாங் மாதிரி ஊரில் இருப்பவர் முடிவெடுக்க அந்த இருபது நிமிடம் போதுமா?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2025 அக்டோபர் இறுதியில் புரோட்டோன் இ.மாஸ் 5 அறிமுகமானது. அதன் அடிப்படை ரகத்தின் விலை 59,800 ரிங்கிட். டிசம்பர் 1-ஆம் தேதி பெரோடுவா கியூவி-இ வந்தது. அதன் அறிமுக விலை 80,000 ரிங்கிட், ஆனால் பேட்டரி அதில் சேராது. பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை. 9 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் அது மட்டும் 29,700 ரிங்கிட். அதனால் விலைப்பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்?

இ.மாஸ் 5 அடிப்படை ரகத்தின் பேட்டரி சுமார் 30 கிலோவாட்-மணி, அதாவது 30 யூனிட். சோதனை முறையில் அளந்த தூரம் 225 கிலோமீட்டர்.

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தான் சுமார் 20 கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய் வர இந்தக் கார் தாராளம். ஈப்போ ஏறத்தாழ 100 கிலோமீட்டர், போய் வந்தால் 200. விரைவுச்சாலை வேகம், ஏர்கான், வண்டி நிறைய குடும்பம் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் வரை போகலாம். அப்போது 200 கிலோமீட்டரிலேயே பேட்டரி காலி. வழியில் நின்று சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

பூடி95 திட்டத்தில் 2025 செப்டம்பர் 30 முதல் ரோன்95 ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் சின்ன காருக்கு ஆகும் செலவு சுமார் 12 ரிங்கிட்.

2025 ஜூலை முதல் வீட்டு மின்சாரத்தின் அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென். 15 யூனிட்டுக்கு 6.70 ரிங்கிட்கூட வராது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 50 ரிங்கிட் மிச்சம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடைக்கும் சிக்கன ஊக்கக் கழிவு, காரின் 150 யூனிட் கூடினால் குறையும். இன்னொன்று, பொது இடத்து வேக சார்ஜர். அங்கே யூனிட் 1 ரிங்கிட் என்று வைத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 15 ரிங்கிட் ஆகிவிடும். பெட்ரோலே மலிவு!

ஆக, வீட்டில் சார்ஜ் போட வசதி இருப்பவருக்குத்தான் இந்தக் கார் லாபம். தாமானில் சொந்த வீடு, வாசலிலேயே பார்க்கிங் என்றால் பிரச்சினை இல்லை. வாடகை வீட்டிலோ தோட்டக் குடியிருப்பிலோ இருப்பவர் முதலில் வீட்டுக்காரரிடமோ நிர்வாகத்திடமோ பேசிவிடுவது நல்லது.

எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

- ஒரு நாள் முழுக்கக் கார் தர முடியுமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அதே ரகக் காரை வாடகைக்கு எடுங்கள்.
- அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ போங்கள். கிளம்பும்போதும் திரும்பியதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- வழியில் ஒரு தடவையாவது பொது சார்ஜரில் போட்டுப் பாருங்கள். செயலி வேலை செய்கிறதா, வரிசை எவ்வளவு நேரம் என்பது அப்போதுதான் தெரியும்.
- ராத்திரி வீட்டில் சார்ஜ் போடுங்கள். சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் மணிக்குச் சுமார் 2 யூனிட் ஏறும். 8 மணி நேரத்தில் 16 யூனிட், அதாவது 100 கிலோமீட்டர் ஓட்டம். பழைய வீடு என்றால் முதலில் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

தெலுக் இந்தானோடு நின்றுவிடும் வாழ்க்கைக்கு இந்தச் சின்ன பேட்டரியே போதும். மாதத்தில் நான்கு முறை ஈப்போ போகிறவர் பெரிய பேட்டரி ரகத்தையும் பெட்ரோல் காரையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்னாடியே அந்தக் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.