விதி மாறினால் வியூகமும் மாறும்

2018-இல் தோன்றிய ‘ஸ்பிளிண்டர்லாண்ட்ஸ்’ என்ற கணினிச் சீட்டாட்டத்தில் சீட்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே பணம் படைத்தவனுக்கே வெற்றி என்று எண்ணத் தோன்றும். ஆனால் விதிகள் குறுக்கே நிற்கின்றன. போருக்குப் போர் நிபந்தனை மாறும். அதை அறிந்த பிறகே இரு தரப்பும் படை திரட்ட வேண்டும்.

‘லிட்டில் லீக்’ என்றால், 4 புள்ளிக்கு மேல் செலவு வைக்கும் சீட்டுக்கு இடமில்லை. பெரும் பூதங்கள் ஒதுங்க, சிறு வீரர்கள் களமிறங்குவர். ‘லாஸ்ட் மேஜிக்’ என்றால், மந்திரத் தாக்குதல் கிடையாது. கவசத்தைப் பொருட்படுத்தாமல் உயிரையே தாக்குவது மந்திரம். அது ஒழிந்தால் கவச வீரனின் மதிப்பு தானே உயரும். இதை உணர்ந்து முன்வரிசையை அமைப்பவனே கெட்டிக்காரன்.

எனினும், எல்லா நிபந்தனைகளுக்கும் ஈடுகொடுக்கப் பலவகைச் சீட்டுகள் தேவை. அவற்றுக்கும் காசு வேண்டுமே! விதிகள் பணத்தின் பலத்தைக் குறைக்கின்றன, ஒழித்துவிடவில்லை.