தண்டுவடக் காயத்துக்கு ஜீன் தெரபி வருமா? ஊசி மட்டும் போதாது... ஏன்?

குளச்சல் பக்கம் தென்னை ஏறுகிறவர்கள் உண்டு. வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. தினமும் பைக்கில் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. ஒரு நொடி தவறி விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டால், வீட்டில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி: "திரும்ப எழுந்து நடப்பாரா?"

அடுத்த வேலை, செல்போனில் தேடுவது. அப்போது கண்ணில் படும் வார்த்தைகளில் ஒன்று ஜீன் தெரபி. அது உண்மையில் என்ன? எவ்வளவு நம்பலாம்?

தண்டுவடம் ஏன் தானாக ஆறுவதில்லை?

கையில் வெட்டுப்பட்டால் தழும்பு விழுந்து ஆறிவிடும். தண்டுவடத்திலும் தழும்பு விழுகிறது. ஆனால் அங்கே அதுவே பிரச்னை. தழும்பில் சேரும் சில சர்க்கரைப் புரதங்கள், நரம்பு இழைகள் மறுபடி வளர்ந்து இணைவதைத் தடுக்கின்றன.

ஜீன் தெரபி என்ன செய்கிறது?

இந்தத் தடையைக் கரைக்கும் ஒரு நொதி இருக்கிறது. பெயர் காண்ட்ராய்டினேஸ். பாக்டீரியாவிலிருந்து கிடைப்பது. நேரடியாகச் செலுத்தினால் சீக்கிரமே செயலிழந்துவிடும். அதனால், இந்த நொதியை உடலே தயாரிப்பதற்கான மரபணுவைத் தீங்கில்லாத வைரஸ் மூலம் உள்ளே அனுப்புகிறார்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எலிசபெத் பிராட்பரி குழு, 2018இல் இதற்கு ஒரு சுவிட்சும் வைத்தது. எலிக்காய்ச்சலுக்குக் கொடுப்பார்களே, அந்த டாக்சிசைக்ளின் மருந்துதான் சுவிட்ச். மருந்து கொடுத்தால் மரபணு வேலை செய்யும், நிறுத்தினால் அடங்கிவிடும். சோதனை எலிகளில் இரண்டரை வாரம் இயக்கியபோது கையின் நுட்பமான அசைவு திரும்பவில்லை. 8 வாரம் இயக்கியபோது, முன்னங்காலை நீட்டி உணவைப் பிடிக்கும் திறன் மேம்பட்டது.

அப்படியென்றால் பயிற்சி எதற்கு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2009இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் ஃபாசெட் குழு, இதே நொதியை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. நொதி மட்டும் கிடைத்த எலிகளுக்குக் கைத்திறனில் பெரிய பலன் இல்லை. நொதியோடு, உணவைப் பிடித்து எடுக்கும் பயிற்சியும் கிடைத்த எலிகள் நன்றாகத் தேறின. பொதுவான நடமாட்டப் பயிற்சி மட்டும் பெற்றவை நடப்பதில் முன்னேறின, ஆனால் கைத்திறனில் பின்தங்கிவிட்டன.

அதாவது, மருந்து நரம்புகளை வளையக்கூடிய நிலைக்குக் கொண்டுவருகிறது. எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது பயிற்சி. தப்பான பயிற்சி கொடுத்தால், கிடைத்த வாய்ப்பும் கைநழுவிப் போகலாம்.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

இரண்டு பாதிகளும் வேலூரில் இருக்கின்றன. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சைகள் செய்தவர். 1966இல் சிஎம்சியில் அவர் முயற்சியால் மறுவாழ்வு மையம் தொடங்கியது. அதே சிஎம்சியில்தான், ஹீமோஃபிலியா நோயாளிகள் 5 பேருக்கு ஜீன் தெரபி தரப்பட்டு, முடிவுகள் 2024இல் வெளியாகின.

ஆனால் அது ரத்த உறைவுக் கோளாறுக்கு. தண்டுவடக் காயத்துக்கு காண்ட்ராய்டினேஸ் ஜீன் தெரபி மனிதர்களுக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அது ஆய்வகத்தில்தான்.

குளச்சல்காரருக்கு இன்று என்ன வழி?

சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசு கைகொடுக்கிறது. தண்டுவடக் காயத்துக்கோ மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வேலூர் 600 கிலோமீட்டருக்கு அப்பால். கொஞ்சம் பக்கத்தில், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981இல் தொடங்கியது அது. வீட்டிலேயே இருப்பவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி கேட்டுப் பெறலாம்.

மருந்து வரும்வரை காத்திருக்கலாம் என்று படுத்தே கிடந்தால் மூட்டுகள் இறுகும், தசை கரையும், படுக்கைப் புண் வரும். நாளைக்கு மருந்தே வந்தாலும், அதைப் பயன்படுத்திக்கொள்ள உடம்பு தயாராக இருக்காது.

ஏமாறாமல் இருக்க...

"ஒரே ஊசியில் நடக்கலாம்" என்று ஸ்டெம் செல் விளம்பரங்கள் வரும். ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. நிலத்தை விற்றுப் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா? ஆய்வென்றால் நோயாளியிடம் ஏன் காசு கேட்கிறார்கள்?

ஜீன் தெரபி எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. தினசரிப் பயிற்சி குளச்சல் வரைக்கும் வந்து சேர்வது அரசின் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் கையில்.