கிட்டார் பதிவுக்கு ஸ்டுடியோ எதற்கு?

“எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் பதிவு செய்தால் உருப்படியாக வராது. அதற்கு ஸ்டுடியோதான் சரி.” வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கம் கிட்டார் பிடிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாத ஆள் இல்லை. கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் குழுக்காரர்களும் சொல்கிறார்கள், மைக் செட் போடும் அண்ணாச்சிகளும் சொல்கிறார்கள். கேட்ட பிள்ளைகள், சொந்தமாகப் போட்ட மெட்டைப் பதிவே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இழப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது.

வீடு என்பதே குறை என்ற வாதம் நம் கண்முன்னே எப்போதோ தோற்றுவிட்டது. ஏ.ஆர்.ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில்தான் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992இல் வந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவானது. அங்கே நல்ல கருவிகள் இருந்தன என்பது உண்மை. நம்மிடம் அவை இல்லை என்பதும் உண்மை. ஆகவே கருவிக்கு வருவோம்.

பெரிய ஆம்ப் இல்லாமல் கனமான சத்தம் வராது என்கிறார்கள். 5 வாட் ஆம்ப்புக்கும் 50 வாட் ஆம்ப்புக்கும் உள்ள வித்தியாசம் 10 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தம், பத்து மடங்கு அல்ல. மேடைக்கு அந்த வித்தியாசம் தேவை. ஸ்பீக்கருக்கு இரண்டு அங்குலம் தள்ளி நிற்கும் மைக்குக்கு அது தேவையே இல்லை. எரிக் கிளாப்டன் 1970இல் ‘லைலா’ ஆல்பத்துக்கு வாசித்தது ஃபெண்டர் சாம்ப் என்ற, 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட குட்டி ஆம்ப்பில்.

அடுத்தது முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டினால் அறை ஸ்டுடியோ ஆகிவிடும் என்று நம்பி, கடை கடையாக அட்டை கேட்டு அலைகிறவர்கள் உண்டு. சத்தம் வெளியே போகாமல் தடுக்கக் கனம் வேண்டும். காகிதக் கூழுக்கு அந்தக் கனம் கிடையாது. எதிரொலியில் கீச்சுப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. அதற்கு விலையாக, நெருப்புப் பற்றினால் நிமிடத்தில் எரியும் பொருளால் அறையைச் சுற்றிவிடுகிறோம். இத்தனைக்கும், மைக்கை நெருக்கமாக வைத்தால் அறையின் பங்கே மிகக் குறைவு. ஸ்பீக்கரிலிருந்து 5 செ.மீ. தள்ளி மைக், 5 அடி தள்ளிச் சுவர் என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய 60 மடங்கு தூரம் நடந்து வருகிறது. வரும்போது அதில் தெம்பு இருக்காது. ஆம்ப்புக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தாலே போதும். ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலில் வையுங்கள். சிமெண்ட் தரை ஏற்றிவிடும் அடித்தொண்டைச் சத்தம் அடங்கும்.

மைக் விலைதான் எல்லாரும் பயப்படும் இடம். உலகமெங்கும் கிட்டார் ஆம்ப் முன்னால் அதிகம் நின்ற மைக்குகளில் ஒன்று ஷூர் எஸ்எம்57. 1965இல் வந்த சாதாரண டைனமிக் மைக் அது. கொடை மேடையில் பாட்டுக்காரர் கையில் இருக்கும் மைக்கும் பெரும்பாலும் அதே இனம்தான். அண்ணாச்சியிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினாலே வேலை நடக்கும்.

உண்மையில் சத்தத்தைத் தீர்மானிப்பது மைக்கின் விலை அல்ல, அது நிற்கும் இடம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, முன்பக்கத் துணி வழியாகச் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே ஸ்பீக்கரின் நடுவில் ஒரு சிறு குமிழ் தெரியும். அது பெட்டியின் நடுவில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு பக்கமாக ஒதுங்கியும் இருக்கலாம். துணியின் மேல் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். குமிழுக்கு நேரே மைக் வைத்தால் சத்தம் கூர்மையாக, கண்ணாடி கீறுவதுபோல வரும். விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்தக் கூர்மை மழுங்கி, இருட்டாகும். குமிழின் ஓரத்தில், ஒன்றிரண்டு அங்குல அகலத்துக்குள் பெரும்பாலும் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்த வகை மைக், ஒலி பிறக்கும் இடத்தை நெருங்க நெருங்க அடிச்சத்தத்தைக் கூட்டிக் காட்டும். சத்தம் சதசதவென்று இருந்தால் ஆம்ப்பின் பேஸ் குமிழைத் தொடாதீர்கள். மைக்கை ஒரு சாண் பின்னால் இழுங்கள். நண்பன் வாசிக்கட்டும். நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்துங்கள். எந்த விலையுயர்ந்த மைக்கும் செய்யாத மாற்றத்தை அந்த அரை அங்குலம் செய்யும்.

ஒரு மைக் நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லதுதானே என்கிறார்கள். இல்லை. ஒரு மைக்கை மற்றதைவிட 34 செ.மீ. பின்னால் வைத்து, இரண்டையும் சம அளவில் கலந்து பாருங்கள். 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றின் ஒலி மேலேறும்போது மற்றதன் ஒலி கீழிறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் கம்பியின் 7ஆம் கட்டில் பிறக்கும் சுரம் 494 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் மட்டும் சவலைப்பிள்ளை மாதிரி வரும். வாசித்தவர் தன் விரலைத்தான் குறை சொல்லுவார். இரண்டு மைக் வைத்தே தீர வேண்டுமென்றால், இரண்டின் தலையும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். பழகும்வரை ஒன்றே போதும்.

“இந்தக் காலத்தில் மைக் எதற்கு, ஆப்பில் எல்லா ஆம்ப்பும் இருக்கிறதே” என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குழந்தை தூங்கும் வீட்டில் இரவு பத்து மணிக்கு வாசிக்க அதுதான் வழி. ஆனால் அந்த ஆப்கள் பலவற்றில் இருக்கும் ஸ்பீக்கர் சத்தமும், யாரோ ஒருவர் ஒரு பெட்டியின் முன்னால் மைக் வைத்துப் பிடித்ததுதான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவருடைய காது. நம் காதுக்கும் அந்த உரிமையைக் கொடுப்போம்.

வீட்டுப் பதிவின் உண்மையான எதிரியைப் பற்றி ஸ்டுடியோ வேண்டும் என்பவர்கள் பேசுவதே இல்லை. அது மின்சார இரைச்சல். சோக் வைத்த டியூப்லைட்டையும் ஃபேனையும் அணையுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரை மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் சட்டென்று குறையும். அந்தப் பக்கம் பார்த்தே வாசியுங்கள். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஜன்னலைச் சாத்துங்கள். இரைச்சல் போகும் என்று யார் சொன்னாலும் ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒடிக்காதீர்கள். கிட்டாரின் கம்பிகள் அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. ஆம்ப்பில் கசிவு இருந்தால் மின்சாரம் நேரே விரலுக்கு வரும். உயிரே போகலாம். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிறகு, ஒரே வாசிப்பை நடுவில், குமிழின் ஓரத்தில், விளிம்பில், ஒரு சாண் தள்ளி, ஓரடி தள்ளி என்று தனித்தனியாகப் பதிவு செய்து, எது எந்த இடம் என்று பெயர் எழுதி வையுங்கள். மறுநாள் காது ஓய்ந்த பிறகு கேளுங்கள். புது மைக் வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.