ஐஸ்லாந்து செல்வோர் முதலில் விரிக்க வேண்டிய அட்டவணை

வளைகுடாவிலும் பிரிட்டனிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் சிலர் விடுமுறைக்கு ஐஸ்லாந்து செல்ல விரும்புகின்றனர். "எரிமலையைப் பார்க்க இத்தனை செலவா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது. ஆயினும் பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பார்க்குமாறு நம்மை அழைப்பதும் குர்ஆன்தான். அங்குள்ள திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் பூமியின் இரு பெரும் தட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிச் செல்கின்றன. படைப்பவனின் செயல் இன்றும் நடந்துகொண்டிருப்பதை அங்கே கண்ணால் காணலாம். ஆகவே பயணத்தை நான் குறை கூறவில்லை.

என் கவலை, அதைத் திட்டமிடும் முறையைப் பற்றியது. விமானம், வாடகைக் கார், தங்குமிடம், அருவிகள் என எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துவிட்டு, "தொழுகையைப் போகுமிடத்தில் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிடுகிறோம். வேறு நாடுகளில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம். ஐஸ்லாந்தில் அது நடவாது.

தலைநகர் ரெய்க்யவிக் 64 பாகை வட அட்சரேகையில் உள்ளது. ஜூன் பிற்பகுதியில் அங்கே சூரியன் நள்ளிரவு கடந்து மறைந்து, அதிகாலை மூன்று மணிக்கு முன்பே உதித்துவிடுகிறது. இடையில் இருளே இல்லை. செவ்வானம் மறைந்த பின் தொடங்க வேண்டிய இஷாவுக்கு அடையாளமே கிடைப்பதில்லை. டிசம்பர் இறுதியிலோ சூரியன் பதினொன்றரை மணிக்குச் சற்று முன் எழுந்து, மூன்றரை மணியளவில் மறைகிறது. லுஹருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே இரண்டு மணி நேரமே இருக்கும். அருவி ஒன்றைப் பார்த்துவிட்டு வருவதற்குள் இரண்டு வக்துகள் கடந்துவிடக்கூடும்.

இது புதிய சிக்கலன்று. பக்தாதிலிருந்து புறப்பட்டு 922ஆம் ஆண்டு வோல்கா நதிக்கரையிலுள்ள பல்கர் நாட்டை அடைந்தார் இப்னு ஃபள்லான். அங்கே இஷா பாங்குக்காகக் காத்துப் பேசிக்கொண்டிருந்தவர், பாங்கொலி கேட்டு வெளியே வந்தபோது விடிந்திருந்ததாகப் பதிவு செய்துள்ளார். தஜ்ஜாலின் காலத்தில் ஓராண்டு போன்று நீளும் நாளைப் பற்றித் தோழர்கள் வினவியபோது, நேரத்தைக் கணித்துத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனை அடிப்படையாகக் கொண்டே இத்தகைய நாடுகளுக்கான கணிப்பு முறைகளை இமாம்கள் வகுத்தனர். அவற்றில் கருத்து வேறுபாடு உண்டு. எனவே பயணச்சீட்டு வாங்குமுன் உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு, குடும்பம் முழுவதும் ஒரே அட்டவணையைப் பின்பற்றுங்கள்.

என் பரிந்துரை இதுதான்: கோடையை விட்டு, செப்டம்பர் இறுதியில் செல்லுங்கள். அப்போது இரவும் பகலும் ஏறத்தாழச் சமம். ஐந்து வக்துகளும் தெளிவாகப் பிரிந்து வரும். லுஹர் மட்டும் பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு மேல்தான் தொடங்கும். இரவு இருள்வதால், வானம் தெளிந்திருந்தால், துருவ ஒளியையும் காணலாம். உள்நாட்டு மலைப்பாதைகள் சில மூடப்படலாம். அந்த இழப்பு பெரிதன்று.

தங்கும் நாட்களையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணினால் கஸ்ர், ஜம்உ சலுகைகள் முடிந்துவிடும். ஹனஃபிகளுக்குக் கஸ்ரின் எல்லை 15 நாட்கள். ஆனால் பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ அவர்களுக்கு இல்லை. கிப்லாவிலும் கவனம் தேவை. ஊரில் மேற்கு நோக்கித் தொழுத நாம், அங்கே சற்றுத் தெற்கே சாய்ந்த கிழக்கை நோக்க வேண்டும். குழாய் வெந்நீரில் கந்தக வாடை வீசும். பூமியிலிருந்து ஊறும்போதே உள்ள இயல்பு அது என்பதால் ஒளூவுக்குத் தடையில்லை.

பொது வெந்நீர்க் குளங்களில் இறங்குமுன் ஆடையின்றிக் குளிப்பது அந்நாட்டு விதி. ஆண், பெண் பகுதிகள் தனித்தனியே இருந்தாலும், அவ்ரத்தைப் பிறர் காண்பது நமக்கு ஹராம். தனி அறை உண்டா என்று முன்பே விசாரியுங்கள். இல்லையெனில் குளத்தைத் தவிர்த்துவிடுங்கள். உணவுக்கு மீன் தாராளமாகக் கிடைக்கிறது. சமையலறை உள்ள வீட்டை எடுத்தால் ஹலால் கவலை பெரிதும் குறையும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி. 2023 நவம்பரில் எரிமலை அச்சத்தால் கிரிண்டவிக் என்ற ஊரே வெளியேற்றப்பட்டது. அடுத்த மாதம் அதனருகே நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு பொங்கியது. அந்நாட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கையை நாள்தோறும் பாருங்கள். தடுப்பு வைத்த இடத்தைத் தாண்டாதீர்கள்.

படைத்தவனின் ஆற்றலைக் காணச் சென்று, அவனுக்குரிய ஸஜ்தாவைத் தவறவிட்டுத் திரும்புவதில் என்ன பொருள் இருக்கிறது? தொழுகை அட்டவணையை முதலில் விரித்து, அதன்மேல் பயணத்தை அமையுங்கள். நம் பயணங்களை இபாதத்தாக ஆக்கி, நலமுடன் திரும்ப வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.