அடை உட்காரும் கோழியின் முட்டை

ஐம்பது அறுபது முட்டை பிடிக்கும் சிறிய இன்குபேட்டர் இன்று நாட்டுக்கோழி வளர்க்கும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அது வந்ததில் தவறே இல்லை. சிறுவிடைக் கோழி ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்காரும். அடை 21 நாள்; பிறகு இரண்டு மாதமாவது குஞ்சுகளோடு திரியும். ஆண்டுக்கு மூன்று, நான்கு சுற்றுக்கு மேல் கிடைக்காது. முட்டையை எடுத்து இன்குபேட்டர் பெட்டியில் வைத்துவிட்டு, கோழியை அடை தெளிய வைத்தால் சில நாட்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். குஞ்சும் கூடுகிறது, கையில் காசும் புரள்கிறது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் எந்தக் கோழியின் முட்டை போகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. இந்த இதழில் அதைத்தான் பேச வேண்டும்.

அடை உட்காரும் குணம் பரம்பரையாக வருவது. அடை நேரத்தில் கோழியின் உடலில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. கூடவே முட்டை இடுவது நின்றுபோகிறது. ஆகவே நன்றாக அடை உட்காரும் கோழி குறைவாகத்தான் முட்டை இடும். அடையை மறந்த கோழி விடாமல் இட்டுக்கொண்டே இருக்கும். இரண்டின் முட்டையையும் ஒரே கூடையில் சேர்த்துப் பெட்டியில் வைத்தால், பொரிக்கும் குஞ்சுகளில் பெரும்பங்கு அடையை மறந்த கோழியுடையதாகவே இருக்கும். அதிலிருந்து எடுக்கும் வெடைகளை அடுத்த தாய்க்கோழிகளாக விடுகிறோம். நாலைந்து தலைமுறை இப்படியே போனால், பார்வைக்குச் சிறுவிடையாக இருக்கும். அடைக்கு உட்கார ஒரு கோழி இருக்காது. வெள்ளை லெகார்ன் கோழி இனத்தில் நடந்தது இதுதான். ஆண்டுக்கு 300 முட்டை வேண்டும் என்று அடைக்குணத்தை விரும்பியே கழித்தார்கள். அங்கே அது நோக்கம். நம் வீடுகளில் யாரும் நினைக்காமலேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

அடையில் இருக்கும் சிறுவிடையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய திறமை என்று தெரியும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பெரும்பாலும் எழும். அவசர அவசரமாகத் தீனி கொத்தி, தண்ணீர் குடித்து, மொத்தமாக எச்சமிட்டு, முடிந்தால் புழுதியில் ஒரு குளியலும் போட்டுவிட்டு, முட்டை ஆறும் முன் திரும்பிவிடும். ஓரத்தில் இருக்கும் முட்டையை அலகால் உருட்டி வயிற்றுக்கடியில் நடுவுக்குக் கொண்டுவரும். அந்த இடத்தில் இறகு உதிர்ந்து, சூடான வெறும் தோல் முட்டையில் நேராகப் படும். கடைசி இரண்டு நாளில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடத் தொடங்கியதும், தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். 37.5 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் வைத்து, நாம் மோட்டார் போட்டு முட்டையைத் திருப்புவதெல்லாம் இதைப் பார்த்துச் செய்வதுதான். பொரித்த பிறகு பருந்து நிழலைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் ஒடுக்குவதையும், மண்ணைக் கீறிக் கறையான் காட்டிக் கொடுப்பதையும் எந்தப் பெட்டியும் செய்யாது. புறக்கடையில் திரிந்து பிழைக்கும் கோழி வேண்டுமென்றால் இந்தக் குணங்கள் இல்லாமல் முடியாது.

கிளிமூக்கு விசிறிவால் கோழி வளர்ப்பவர்களிடம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே தேர்வு முழுவதும் மூக்கு, வால், கழுத்து, நிறத்தில்தான். விலை உயர்ந்த பெட்டையை யாரும் அடையில் விடுவதில்லை. அதன் முட்டை சிறுவிடைக்கு அடியிலோ பெட்டியிலோதான் போகிறது. கடக்நாத் கோழி ஒழுங்காக அடை உட்காராது என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். அதன் முட்டையையும், 28 நாள் அடை வேண்டிய வான்கோழி, வாத்து முட்டைகளையும்கூடச் சிறுவிடைதான் பொறுமையாகச் சுமக்கிறது. எல்லா இனத்துக்கும் தாயாக நிற்கும் இந்தக் கோழியிடமிருந்து அடைக்குணம் போய்விட்டால் நம்மிடம் மாற்று இல்லை.

அதற்காகப் பெட்டியை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. விற்பனைக்கும் கறிக்குமான குஞ்சுகளைப் பெட்டியிலேயே பொரியுங்கள். தாய்க்கோழியாக விடப்போகும் வெடைகளை மட்டும், முழு அடை உட்கார்ந்து குஞ்சுகளைக் கரையேற்றிய கோழியின் முட்டையிலிருந்து எடுங்கள். வீட்டில் ஏழெட்டுக் கோழி இருந்தால் எது எங்கே இடுகிறது, எதன் முட்டை என்ன நிறம், என்ன வடிவம் என்று நமக்குத் தெரியும். எடுத்தவுடன் பென்சிலால் குறியிட்டால் போதும். பிறகு குஞ்சுக்குக் கால் வளையம் போடலாம். சேவலையும் விட்டுவிடக் கூடாது. அடைக்குணம் சேவலிடம் வெளியே தெரியாவிட்டாலும் அதன் வழியாகவும் மகள்களுக்குப் போகிறது. உறவுக் கலப்பைத் தவிர்க்கச் சேவலை வெளியூரில் மாற்றிக்கொள்ளும்போது, அதன் தாய் அடை உட்கார்ந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடை தெளிய வைக்க மூக்கில் இறகைச் செருகும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். அது கொடுமை. படுக்கையும் முட்டையும் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் தீனி, தண்ணீரோடு சில நாள் வைத்தாலே கோழி தெளிந்துவிடும்.

கோடையில் அடை வைப்பவர்கள் கவனிக்க: அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில், சேர்த்து வைத்த முட்டையில் கரு அடைக்கு முன்பே அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணல் பானையில், குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வையுங்கள். தாயோடு திரியும் குஞ்சு என்றாலும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு விதிவிலக்கில்லை. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் தவறக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மார்கழி, தையில் ஒரு கோழியையாவது முழு அடைக்கு விடுங்கள். வைத்த முட்டை, கூமுட்டை, பொரித்த குஞ்சு, இரண்டு மாதம் கழித்து உயிரோடு நிற்கும் குஞ்சு ஆகிய நான்கு எண்ணிக்கையையும், கோழியின் இனத்தையும், ஊர்ப் பெயரையும் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். நல்ல தாய்க்கோழிகள் எங்கெங்கே மிச்சமிருக்கின்றன என்ற பட்டியலை அதைக்கொண்டு தொகுத்து இதழில் வெளியிடுவோம்.